குறைந்த விலையில் நெட்வொர்க் கேபிள் டெஸ்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் தாங்களே கேபிள் இழுப்பவர்கள், சிசிடிவி பொருத்துபவர்கள், பள்ளி, கிளினிக், சிறு அலுவலகம் போன்ற இடங்களில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். டெஸ்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விலையில்தான் தொடங்குகிறார்கள். எந்தப் பழுதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பதில் தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். சில பழுதுகளை மிக மலிவான கருவியே காட்டிவிடும். சிலவற்றை அது பார்க்கவே பார்க்காது. ஆனால் பார்த்ததுபோல எல்லா விளக்குகளையும் எரிய விடும். பணமும் நேரமும் அங்கேதான் வீணாகின்றன.

வீட்டில் இரண்டு மூன்று கேபிள்கள்தான் இருக்கின்றன. டெஸ்டர் தேவையா?

கடையில் வாங்கிய ஆயத்த பேட்ச் கார்டுகள் (இரு முனையிலும் கனெக்டர் உள்ள சிறு கேபிள்கள்) மட்டும் என்றால் தேவையில்லை. சந்தேகம் வந்தால் வேறொரு கார்டை மாட்டிப் பாருங்கள், போதும். சுவருக்குள் பைப் வழியாகக் கேபிள் போயிருந்தாலோ, முனைகளில் கனெக்டரை நீங்களே அழுத்திப் பொருத்தினாலோ (கிரிம்ப் செய்தாலோ), ஒரு டெஸ்டர் கட்டாயம் வேண்டும். பூச்சு வேலை முடிந்த பிறகு தெரியவரும் பழுதுக்கு ஆகும் செலவில் நல்ல டெஸ்டர் ஒன்றையே வாங்கிவிடலாம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எட்டு விளக்கு டெஸ்டர் என்ன செய்கிறது?

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு பெட்டிகள் இருக்கும். பெரியது தாய்ப்பெட்டி, பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். சிறியது மறுமுனையில் மாட்டுவது. இரண்டிலும் 1 முதல் 8 வரை எல்இடி விளக்குகள், ஒன்பதாவதாக ‘ஜி’ என்று ஒன்று. தாய்ப்பெட்டி ஒவ்வொரு கம்பியாக மின்சாரம் அனுப்பும். அந்தக் கம்பி மறுமுனை வரை அறுபடாமல் போயிருந்தால் அங்கே அதே எண் எரியும்.

தாய்ப்பெட்டியில் 1, 2, 3, 4 என்று வரிசையாக எரியும்போது மறுமுனையில் 1, 2, 4, 3 என்று எரிந்தால், மூன்றாவது நான்காவது கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. ஓர் எண் மறுமுனையில் எரியவே இல்லையென்றால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டரின் உலோகப் பல் கம்பியைக் கடிக்கவில்லை. 1-க்கு 3, 2-க்கு 6 என்று மாறி எரிந்தால் அது கிராஸ் கேபிள். நிற வரிசைக்கு இரண்டு தர முறைகள் உண்டு; ஒரு முனையை டி568ஏ முறையிலும் மறுமுனையை டி568பி முறையிலும் கிரிம்ப் செய்திருக்கிறார்கள். ‘ஜி’ விளக்கு உலோக உறை உள்ள கேபிளுக்கு மட்டும் உரியது. அந்த உறை இல்லாத சாதாரண யுடிபி கேபிளில் அது எரியவில்லை என்று பதற வேண்டாம்.

ஒரு நுணுக்கம். மின்சாரம் போன வழி தவிரத் திரும்பி வரவும் ஒரு வழி வேண்டும். அதனால் இரண்டு கம்பிகளாவது நல்ல நிலையில் இருந்தால்தான் இந்தக் கருவி எதையாவது காட்டும். ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் டெஸ்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். சரியென்று உறுதியாகத் தெரிந்த ஒரு சிறிய கார்டை மாட்டிப் பார்த்துவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்யும் கருவி அந்த விலைக்கு மிக நல்ல பொருள். கிரிம்பிங் டூல் வைத்திருக்கும் எவரும் இதையும் பையில் வைத்திருக்க வேண்டும். ஆனால் இது பார்ப்பது கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா, வரிசை சரியா என்பதை மட்டுமே.

எட்டு விளக்குகளும் வரிசையாக எரிகின்றன. ஆனாலும் இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வியே இதுதான். முதல் சந்தேகம் ஜோடி பிரிந்த பழுதின் மேல் விழ வேண்டும். கருவிகளின் அட்டையில் இதை ‘ஸ்பிளிட் பேர்’ என்று எழுதியிருப்பார்கள்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே சமிக்ஞை ஒரு கம்பியில் நேராகவும் அதன் துணைக் கம்பியில் எதிர்மாறாகவும் போகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின் மேலும் ஒரே அளவில் விழுவதால் மறுமுனையில் கழிந்துவிடுகிறது. இது நடக்க வேண்டுமென்றால் ஒன்றாக முறுக்கப்பட்ட இரண்டு கம்பிகளே ஒரு சமிக்ஞையைச் சுமக்க வேண்டும். ஈதர்நெட்டில் 1–2, 3–6, 4–5, 7–8 ஆகிய பின்கள் (கனெக்டரின் பற்கள்) ஒவ்வொன்றும் ஒரு ஜோடி. மூன்றும் ஆறும் ஜோடி என்பதைக் கவனியுங்கள், சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

புதிதாக வேலை கற்பவர் நிறங்களைப் பார்க்கிறார். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று அழகாக அடுக்கி, இரண்டு முனைகளிலும் அதே வரிசையில் கிரிம்ப் செய்துவிடுகிறார். எட்டு விளக்கு டெஸ்டரில் மாட்டினால் 1 முதல் 8 வரை ஒழுங்காக எரியும். ஆனால் மூன்றாவது பின்னில் இருப்பது வெள்ளை-பச்சை, ஆறாவது பின்னில் இருப்பது நீலம். இரண்டும் வெவ்வேறு முறுக்கைச் சேர்ந்தவை. 4–5 ஜோடியின் நிலையும் இதே. ஒரு சமிக்ஞை இரண்டு முறுக்குகளில் பிரிந்து ஓடுகிறது, பக்கத்து ஜோடியின் இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. மூன்று மீட்டர் கேபிள் என்றால் வேலை செய்துவிடும். நாற்பது மீட்டர் என்றால் கிகாபிட் நிற்காது. வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கும், அதுவும் தள்ளாடும். டி568பி முறையில் சரியான வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீல ஜோடியை நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்.

“இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும், வரிசை எதுவானால் என்ன” என்று இன்றும் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். அந்த அறிவுரையையும் எட்டு விளக்கு டெஸ்டரையும் மட்டும் நம்பி முடித்த கட்டடத்தில் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி கிரிம்ப் செய்ய நேர்ந்தால்தான் அதன் விலை தெரியும்.

அப்படியானால் எதை வாங்குவது?

மாதத்துக்குச் சில முனைகளுக்கு மேல் கிரிம்ப் செய்பவருக்கு என் பதில் ஒன்றுதான். திரையில் வயர் மேப் (எந்தக் கம்பி எந்தப் பின்னுக்குப் போகிறது என்ற படம்) காட்டும், ஜோடி பிரிந்ததைக் கண்டுபிடிக்கும், நீளம் அளக்கும் கருவியாகப் பாருங்கள். இந்த மூன்றும் இருந்தால் மற்ற வசதிகள் இருக்கட்டும், இல்லாமலும் போகட்டும். சில ஆயிரம் ரூபாய்க்குள் இவை கிடைக்கின்றன. சீனத் தயாரிப்பான நோயாஃபாவின் என்எஃப்-8209 இந்த விலையில் இங்கே பரவலாகக் கிடைக்கும் ஒன்று. கேபிள் தேடும் வசதியும் சேர்ந்தே வருகிறது. அமெரிக்காவின் க்ளைன் நிறுவனத்தின் ஸ்கௌட் ப்ரோ 3 உறுதியான கருவி. மறுமுனைகளில் எண்ணிட்ட அடையாளத் துண்டுகளை மாட்டினால் பல கேபிள்களை ஒரே நடையில் அடையாளம் காணலாம். ஃப்ளூக்கின் மைக்ரோஸ்கேனர் 2 இவற்றையெல்லாம் விட நம்பகமானது. ஆனால் அதன் விலை பல பத்தாயிரங்களில் இருப்பதால், குறைந்த விலை என்ற பேச்சுக்குள் அது வராது.

பெயரைவிட முக்கியமானது விவரக்குறிப்பைப் படிப்பது. ‘ஸ்பிளிட் பேர்’ என்ற சொல் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். ‘ஓப்பன், ஷார்ட், கிராஸ்’ மட்டும் இருந்தால், திரை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது எட்டு விளக்கு டெஸ்டர்தான்.

நீளம் அளக்கும் வசதி உண்மையிலேயே பயன்படுமா?

சுவருக்குள் கேபிள் அறுந்தால் எந்த இடத்தில் உடைப்பது என்று அதுதான் சொல்கிறது. ஒரு முனையிலிருந்து 31 மீட்டரில் அறுந்திருக்கிறது என்று தெரிந்தால், பைப் போன பாதையை அளந்து நேராக அந்த இடத்துக்குப் போகலாம். பெரும்பாலும் அங்கே யாரோ புதிதாக அடித்த ஆணியோ, ஏசிக்குத் துளைத்த ஓட்டையோ இருக்கும்.

கேபிள் பெட்டியில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். 305 மீட்டர் பெட்டி என்று விற்பதில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

நீளத்தை எப்படி அளக்கிறது? எவ்வளவு நம்பலாம்?

இரண்டு வழிகள் உண்டு. நல்ல கருவிகள் ஒரு துடிப்பை அனுப்பி, அறுந்த இடத்தில் அது மோதித் திரும்பும் நேரத்தை அளக்கும். இதை டிடிஆர் என்பார்கள். செப்புக் கேபிளில் துடிப்பு ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 69 சதவீத வேகத்தில் ஓடுகிறது, அதாவது ஒரு நானோ வினாடிக்கு சுமார் 20 சென்டிமீட்டர். நாற்பது மீட்டரில் அறுந்திருந்தால் போய்த் திரும்ப சுமார் 390 நானோ வினாடி ஆகும். அந்தச் சதவீதத்தை என்விபி என்று கருவியில் அமைக்கலாம். கேபிளின் உண்மையான என்விபி 72 ஆக இருக்கையில் கருவியில் 69 என்று வைத்திருந்தால், 50 மீட்டர் கேபிளை 48 மீட்டர் என்று காட்டும். அதனால் முதலில் டேப் வைத்து அளந்த ஒரு துண்டை மாட்டி, சரியான அளவு வரும்வரை என்விபியைத் திருத்திக்கொள்ளுங்கள். இந்தத் துண்டு கொஞ்சம் நீளமாக, இருபது மீட்டராவது இருக்கட்டும்.

மலிவான கருவிகள் பல, கேபிளின் கெப்பாசிட்டன்ஸை (கம்பிகள் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவை) அளந்து நீளத்தைக் கணக்கிடுகின்றன. இதுவும் வேலை செய்யும். ஆனால் மறுமுனை எதிலும் மாட்டாமல் சும்மா இருக்க வேண்டும், துல்லியமும் குறைவு. ஷார்ட் ஆன இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை இந்த முறை சொல்லாது, டிடிஆர்தான் சொல்லும்.

ஜோடிக்கு ஜோடி அளவு ஒரு மீட்டர் வரை மாறிக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ஜோடியும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருப்பதால் கம்பியின் நீளமே வேறுபடுகிறது.

மல்டிமீட்டர் இருக்கிறது. அதை வைத்தே சமாளிக்கலாமா?

ஓரளவு சமாளிக்கலாம். கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் வசதி உள்ள மல்டிமீட்டர் என்றால் நிறையவே சமாளிக்கலாம். முறுக்கிய ஜோடி ஒன்றின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மீட்டருக்கு ஏறக்குறைய 50 பிக்கோஃபாரட் இருக்கும். மறுமுனையைத் திறந்து விட்டுவிட்டு அளந்தால், 50 மீட்டர் கேபிளில் சுமார் 2.5 நானோஃபாரட் வரும். ஒரு ஜோடியில் மட்டும் 0.5 என்று வந்தால் பத்து மீட்டர் தொலைவில் அந்த ஜோடி அறுந்திருக்கிறது. எதிர்முனையிலிருந்து அளந்து 2 வருகிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். 3–6 பின்களில் அளவு மற்ற ஜோடிகளைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், அந்த இரண்டும் ஒரே முறுக்கில் இல்லை என்று பொருள்.

எட்டுக் கம்பிகளையும் இப்படிப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஒரே ஒரு கேபிளுக்குச் சரி. இருபது கேபிள்களுக்கு இது வேலையாகாது.

அலுமினியம் கலந்த கேபிளை டெஸ்டர் கண்டுபிடிக்குமா?

பெரும்பாலான மலிவு டெஸ்டர்கள் கண்டுபிடிக்காது. ஆனால் நம் ஊர்ச் சந்தையில் இதுதான் பெரிய பிரச்சினை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிசிஏ என்பது அலுமினியக் கம்பியின் மேல் மெல்லியதாகச் செம்பு பூசியது. வெளியே பார்த்தால் செம்புதான். பெட்டியின் மேல் கேட் 6 (கேபிளின் தர வகை) என்றே அச்சிட்டிருப்பார்கள், விலை மட்டும் குறைவாக இருக்கும். கேட் 5இ, கேட் 6 ஆகியவற்றுக்கான தர விதிகள் முழுச் செம்பைத்தான் கேட்கின்றன, ஆகவே அந்த அச்சு பொய். எட்டு விளக்குகளும் எரியும், வயர் மேப் சரியாக வரும், சிறிய தூரத்தில் கிகாபிட்கூட ஓடும். சிக்கல் மின்சாரத்தில் வருகிறது.

ஒரு திருமண மண்டபத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். அறுபது மீட்டர் தொலைவில் ஒரு கேமரா. பகலெல்லாம் படம் தெளிவாக வருகிறது. இருட்டியதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரிகிறது. கேமராவை மாற்றியாயிற்று, கனெக்டரை மாற்றியாயிற்று, மாற்றம் இல்லை. இரவில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது கேமரா இழுக்கும் மின்சாரம் கூடுகிறது. 12 வோல்ட்டைக் கேபிளின் இரண்டு ஜோடிகள் வழியாக அனுப்புகிறார்கள். முழுச் செம்பு என்றால் போய் வரும் மின்தடை சுமார் 5 ஓம். அரை ஆம்பியர் இழுத்தால் 2.5 வோல்ட் வழியிலேயே போய், 9.5 வோல்ட் கேமராவுக்குக் கிடைக்கும். அலுமினியக் கேபிளில் மின்தடை சுமார் 8 ஓம். 4 வோல்ட் போய்விடும். மிச்சம் 8 வோல்ட்டில் கேமரா நிற்காது. பகலில் கால் ஆம்பியர் மட்டும் இழுப்பதால் 10 வோல்ட் கிடைத்துப் பிழைத்துக்கொள்கிறது. கேபிளைச் சுரண்டிப் பார்த்ததும் வெள்ளையாகப் பளிச்சிட்டது.

அந்தச் சுரண்டல்தான் முதல் சோதனை. ஒரு கம்பியைப் பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். இரண்டாவது சோதனை மல்டிமீட்டரில். ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் உறை சீவி ஒன்றாக முறுக்கிவிட்டு மறுமுனையில் ஓம் அளவு பாருங்கள். 50 மீட்டர் கேபிளில் 24 கேஜ் (கம்பித் தடிமன்) செம்பு என்றால் 8.5 ஓம் அளவில் வரும். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் கேபிளைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, அந்த அளவை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். கருவி வாங்கும்போது ‘லூப் ரெசிஸ்டன்ஸ்’ (இந்தப் போய் வரும் மின்தடை) அளக்கும் வசதி இருந்தால், கேமரா வேலை செய்பவர்களுக்கு அது தங்கம்.

பிஓஇ ஓடும் கேபிளில் டெஸ்டரைச் செருகலாமா?

பிஓஇ என்பது நெட்வொர்க் கேபிள் வழியாகவே சாதனத்துக்கு மின்சாரமும் அனுப்பும் முறை. அதில் எட்டு விளக்கு டெஸ்டரைச் செருகாதீர்கள். தரப்படுத்திய பிஓஇ ஸ்விட்ச் (பல கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டி) என்றால் ஆபத்து குறைவு. எதிரே இருப்பது பிஓஇ சாதனமா என்று மின்தடையை வைத்துச் சோதித்த பிறகே அது 44 முதல் 57 வோல்ட் வரை திறந்துவிடும். கேமரா கடைகளில் விற்கும் சாதாரண இன்ஜெக்டர்கள் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் சிறு பெட்டிகள்) எதையும் கேட்பதில்லை. 4, 5 கம்பிகளில் பாசிட்டிவ், 7, 8 கம்பிகளில் நெகட்டிவ் என்று எந்நேரமும் 12, 24 அல்லது 48 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். அதில் மாட்டிய டெஸ்டரின் எல்இடிகளும் உள்ளிருக்கும் ஐசியும் அந்த நொடியே போகலாம்.

வேலையில் பிஓஇ அடிக்கடி வருமென்றால் 60 வோல்ட் தாங்கும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கும் கருவியாகப் பாருங்கள். எந்தெந்தக் கம்பிகளில் மின்சாரம் வருகிறது, எத்தனை வோல்ட் என்று காட்டினால் இன்னும் நல்லது. ஆனால் வெறும் வோல்ட் அளவைக் கண்டு மயங்க வேண்டாம். சுமை இல்லாதபோது 48 வோல்ட் காட்டும் லைன், கேமரா மாட்டியதும் சரியலாம். பிஓஇ தரநிலைகளில் 2003-இல் வந்த 802.3ஏஎஃப் 15.4 வாட், 2009-இல் வந்த 802.3ஏடி 30 வாட், 2018-இல் வந்த 802.3பிடி 90 வாட் வரை கொடுக்கிறது. வாட் ஏற ஏறக் கேபிளின் தரமும் கனெக்டரின் பிடிப்பும் மேலும் முக்கியமாகின்றன.

மறுமுனை ஸ்விட்சில் மாட்டியிருக்கும்போது சோதிக்கலாமா?

வயர் மேப் பார்க்க முடியாது. ஸ்விட்சுக்குள் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதன் சுற்று வழியாக ஜோடியின் இரண்டு கம்பிகளும் டெஸ்டருக்கு ஷார்ட் போலத் தெரியும். கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

சில கருவிகளில் ஸ்விட்சின் விளக்கைச் சிமிட்ட வைக்கும் வசதி உண்டு. மேசைப் பக்கம் மாட்டிவிட்டு, ரேக்கில் எந்த போர்ட்டின் விளக்கு சீரான இடைவெளியில் சிமிட்டுகிறது என்று பார்த்தால் கேபிளை அடையாளம் காணலாம். லேபிள் ஒட்டாத பழைய அலுவலகங்களில் இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதை அனுபவித்தவர்களுக்கே தெரியும்.

டோனர் தனியாக வாங்க வேண்டுமா?

கற்றையாகக் கிடக்கும் கேபிள்களில் ஒன்றைத் தேட டோனர் வேண்டும். ஒரு முனையில் மாட்டிய பெட்டி ஒலிச் சமிக்ஞை அனுப்பும், பேனா போன்ற மற்றொன்று கேபிளின் அருகே போனதும் கீச்சிடும். டெஸ்டரோடு சேர்ந்தே வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மலிவான டோனரில் பக்கத்துக் கேபிள்களும் கூடவே பாடும், மின்விளக்குகளின் இரைச்சலும் கலக்கும். அப்போது ஒலி அளவைக் குறைத்து, கற்றையைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே டோன் கொடுத்தால் முறுக்கு அதை அமுக்கிவிடும். இரண்டு வெவ்வேறு ஜோடிகளிலிருந்து ஒவ்வொரு கம்பியை எடுத்துக் கொடுத்தால் சத்தம் தெளிவாகக் கேட்கும்.

அட்டையில் ‘கேட் 6 டெஸ்டர்’, ‘கேட் 7 டெஸ்டர்’ என்று போட்டிருக்கிறதே?

கேட் 6 கேபிளின் முனையை அதில் மாட்டலாம் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. ஒரு கேபிள் கேட் 6 தரத்தில் இருக்கிறதா என்று சொல்ல 250 மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சல் கசிவு, எதிரொலிப்பு, சமிக்ஞை இழப்பு ஆகியவற்றை அளக்க வேண்டும். கேட் 6ஏ என்றால் 500 மெகாஹெர்ட்ஸ் வரை. ஃப்ளூக்கின் டிஎஸ்எக்ஸ் வரிசைக் கருவிகள் அதைச் செய்கின்றன, விலை லட்சங்களில். ஒப்பந்தத்தில் சான்றறிக்கை கேட்டிருந்தால், அந்தக் கருவியை வைத்திருப்பவரிடம் வாடகைக்கோ முனைக்கு இவ்வளவு என்றோ பேசிச் செய்துகொள்ளுங்கள். அதற்காகச் சொந்தமாக வாங்க வேண்டாம்.

கருவியே வாங்காமல் சோதிக்க வழி உண்டா?

உண்டு, பலரும் மறந்துவிடுகிறார்கள். கணினியில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா, 100 என்று காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு பக்கமும் கிகாபிட் சாதனங்களாக இருந்தும் 100 என்று நின்றால், 4, 5, 7, 8 கம்பிகளில்தான் முதல் சந்தேகம். 100-க்கு 1–2, 3–6 மட்டும் போதும். இரண்டு கணினிகளுக்கு நடுவே ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனை நிரலை ஓட்டி, நல்ல கிகாபிட் இணைப்பில் 940 மெகாபிட் அளவு வருகிறதா என்று பாருங்கள். லினக்ஸ் தெரிந்தவர்கள் ஈத்டூல் கட்டளை மூலம் பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று கவனிக்கலாம். ஆதரவுள்ள நெட்வொர்க் கார்டு என்றால் அதிலேயே கேபிள் சோதனையும் செய்யலாம். டிபி-லிங்க்கின் டிஎல்-எஸ்ஜி108இ போன்ற மலிவான நிர்வகிக்கும் ஸ்விட்சுகளிலும் கேபிள் சோதனை இருக்கிறது. எந்த ஜோடி எத்தனை மீட்டரில் அறுந்தது என்று ஏறக்குறைய சொல்லும். புதிதாக ஸ்விட்ச் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போதே எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

வீட்டிலேயே சில பழுதான கேபிள்களைச் செய்து கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒன்று நிற வரிசையில் நேராக அடுக்கிய ஜோடி பிரிந்த கேபிள். அது ஐந்து மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், மிகச் சிறிய துண்டில் நல்ல கருவியும் தடுமாறும். இன்னொன்றில் ஐந்தாவது கம்பியை மட்டும் வெட்டிவிடுங்கள். மற்றொன்றில் இரண்டு கம்பிகளின் உறையைச் சீவி ஒன்றாக முறுக்கி ஷார்ட் செய்யுங்கள். கூடவே டேப் வைத்து அளந்த ஒரு நீளக் கேபிள். கடைக்காரர் முன்னாலேயே ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் இதே சோதனையைச் செய்துவிடுங்கள்.

மறுமுனைப் பெட்டி தனியாகக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். ரேக் பக்கம் விட்டுவிட்டு மறந்து வரும் முதல் பொருள் அதுதான்; அது இல்லாமல் தாய்ப்பெட்டியால் பாதி வேலைகூட ஆகாது.

பழைய உயர்தரக் கருவி கைமாற்றாகக் கிடைத்தால் வாங்கலாமா?

வயர் மேப்பும் நீளமும் பார்க்க என்றால் தாராளமாக வாங்கலாம். சான்றறிக்கைக்காக என்றால் வேண்டாம். அளவீட்டுச் சரிபார்ப்புக் காலம் முடிந்திருக்கும், அடாப்டர்கள் தேய்ந்திருக்கும். பேட்டரி மாற்றக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டெஸ்டர் நீண்ட நாள் உழைக்க என்ன செய்ய வேண்டும்?

அதில் முதலில் கெடுவது கேபிளைச் செருகும் ஆர்ஜே45 துளைதான். சரியாகக் கிரிம்ப் ஆகாத கனெக்டரில் உலோகப் பற்கள் மேலே தூக்கி நிற்கும். அதைச் செருகினால் துளைக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் வளைந்து போகும், பிறகு நல்ல கேபிளையும் பழுது என்று காட்டத் தொடங்கும். டெலிபோன் பிளக்கை அதில் செருகுவதும் 1, 8 பின்களை நசுக்கும். செருகும் முன் கனெக்டரைக் கண் அருகே வைத்து எட்டுப் பற்களும் ஒரே மட்டத்தில் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். நிறைய முனைகளைச் சோதிக்கும் நாளில், ஒரு குட்டி பேட்ச் கார்டையும் இணைப்பானையும் டெஸ்டரில் நிரந்தரமாக மாட்டிவைத்து, அதன் வழியாகச் சோதியுங்கள். தேய்வது அந்த இணைப்பானாக இருக்கும். அதை மாற்றச் சில பத்து ரூபாய் போதும்.

பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

ஃபைபர் கேபிளுக்கும் இதே டெஸ்டர் போதுமா?

போதாது. அது ஒளி, இது மின்சாரம். ஃபைபர் எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்கச் சிவப்பு ஒளிப் பேனா ஒன்றும், வெளிச்ச அளவு பார்க்க ஆப்டிகல் பவர் மீட்டர் ஒன்றும் வேண்டும். இரண்டையும் செப்புக் கேபிள் டெஸ்டரோடு ஒரே பெட்டியில் சேர்த்து விற்கிறார்கள். ஃபைபர் வேலை உங்களுக்கு உண்மையில் வருகிறதென்றால் மட்டும் அதற்குப் பணம் கொடுங்கள்.